நாலாம் நம்பர் காட்டேஜில் படுத்திருப்பவர்

நீல் தீவு, அந்தமான்
27.12.2025, காலை

திரு. ரெங்கராஜ் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று பத்து நிமிஷம் யோசித்துவிட்டு இப்படி ஆரம்பித்திருக்கிறேன். கோர்ட் காகிதத்தில் உங்கள் பேர் இப்படித்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்நேரம் உங்கள் போனில் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டிருப்பார்கள். யாருக்கும் பதில் போட்டுத் தொலைக்காதீர்கள். நடந்தது இதுதான்.

என் அப்பா இறந்துபோவதற்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வீரமலையிடம் அந்தமான் டூருக்கு நம் இருவர் பேரையும் கொடுத்து வைத்திருந்தோமே, அந்த டூருக்குத்தான் வந்திருக்கிறேன். அரையாண்டு லீவில் ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கடலைப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேப்பர் திருத்தி முடியாததால் மற்றவர்களோடு கிளம்ப முடியவில்லை. ஒரு நாள் கழித்துத் தனியாகப் பிளேன் ஏறி, அப்புறம் கப்பல் ஏறி, நேற்றுச் சாயங்காலம்தான் இந்தத் தீவில் அவர்களோடு சேர்ந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு பேர். எல்லாம் உறையூர், பாலக்கரை, தில்லை நகர் ஆட்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீரமலையின் பழைய லிஸ்டில் உங்கள் பேரும் போன் நம்பரும் அப்படியே இருக்கின்றன. பாலக்கரை செல்வமேரி, ரிட்டயர் ஆன டீச்சர், லிஸ்டைப் பார்த்துவிட்டு, "சார் எங்கம்மா, சாப்பிட வரலியா?" என்று கேட்டார்.

"கப்பல்ல ஒரே வாந்திங்க. ரூம்ல படுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை, நாக்கு அதுவாகச் சொன்னது. ஆக, நீங்கள் இப்போது நாலாம் நம்பர் காட்டேஜில் படுத்திருக்கிறீர்கள். ஒரு டிக்கெட்தான் என்பது வீரமலைக்கு மட்டும் தெரியும். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சாருக்குக் காலைல இட்லியாம்மா, கஞ்சியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் தயவுசெய்து உடம்பு சரியில்லாதவராக இருந்துவிடுங்கள். போன் செய்யாதீர்கள். செய்தால் மூன்றாவது நிமிஷம் என்ன ஆகும் என்று நம் இருவருக்குமே தெரியும். அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து, ரிசப்ஷனில் மட்டும் கிடைக்கும் வைஃபையில் அனுப்புகிறேன். யோசிக்கச் சொல்லிக் கோர்ட் கொடுத்த ஆறு மாதம் ஜனவரி எட்டாம் தேதியோடு முடிகிறது. அன்று விவாகரத்துக் காகிதத்தில் இரண்டாவது கையெழுத்தையும் போட்டுவிட்டால், அதற்கப்புறம் யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

கடல் நன்றாக இருக்கிறது. தென்னை நிறைய.

மலர்க்கொடி


தில்லை நகர், திருச்சி
27.12.2025

அன்புள்ள மலர்,

நான் யோசிக்கவில்லை, கை அப்படித்தான் எழுதுகிறது.

மெசேஜ் ஏழெட்டு இல்லை, பதினொன்று. ஒருத்தர் இஞ்சியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை முகரச் சொல்கிறார். யாருக்கும் பதில் போடவில்லை, பயப்படாதே.

ஆனால் நீ சொன்ன வியாதி சரியில்லை. முப்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று யாராவது கேட்பார்கள். கப்பல் வாந்தி தரையில் கால் வைத்த மறுநாளே நின்றுவிடும், ஒரு வாரம் தாங்காது. காய்ச்சல் என்று சேர்த்தால் டெங்குவோ என்று பயந்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தலைசுற்றல் என்று சொல். காது சம்பந்தப்பட்டது, எழுந்தால் சுற்றும், படுத்தால் நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம். வெளிச்சம் ஆகாது, அதனால் பார்க்க யாரும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

இன்னொன்று. திரும்பி வந்த பிறகு யாராவது என்னைத் தில்லை நகரில் பார்த்து, "ஜன்னல் வழியாவது கடலைப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? 'கடல் நன்றாக இருக்கிறது, தென்னை நிறைய' என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமாளிப்பேன்? கொஞ்சம் விவரமாக எழுது. நீ பாட்டனி டீச்சர்.

கஞ்சி என்றே சொல்லியிரு. எனக்கு இட்லி சலித்துவிட்டது.

ரெங்கராஜ்


நீல் தீவு
28.12.2025

தலைசுற்றல்காரருக்கு,

செல்வமேரியிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வந்துச்சு, பாவம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் தைரியராஜ் ரயில்வேயில் கார்டாக இருந்தவர், சர்க்கரைக்காரர், யாரையும் கேலி செய்யாமல் அவருக்கு ஒரு மணி நேரம் போகாது. அவருக்காகத் திருச்சியிலிருந்து கொண்டுவந்த கப்பல் மாத்திரைப் பட்டையைச் செல்வமேரி அப்படியே என்னிடம் கொடுத்து, "சாருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். மறுத்தால் சந்தேகம் வரும் என்று வாங்கிப் பையில் போட்டேன். காலையில் கஞ்சி வேறு கொடுத்தனுப்பினார். துவரம்பருப்புத் துவையலோடு.

இனி விவரம். எழுதிக்கொள்ளுங்கள், யாராவது கேட்பார்கள்.

இங்கே ஐந்தரைக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடுகிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூரியன் போய்விடுகிறது. நம் ஊர்க் கடிகாரம் இங்கே சரிப்பட்டு வரவில்லை. இன்று கடல் வற்றும் நேரம் பார்த்து எங்களை ஒரு கரைக்கு அழைத்துப் போனார்கள். அலை அரை மைல் உள்ளே போய்விட்டது. போன இடமெல்லாம் பாறை, பாறைக்கு நடுவே முழங்கால் ஆழக் குளங்கள். ஒரு குளத்தில் தடித்த கறுப்புக் கடல் அட்டை ஒன்று அசையாமல் கிடந்தது. இன்னொன்றில் ஊதாநிற உதட்டோடு ஒரு சிப்பி. என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது, நிழல் நகர்ந்ததும் திறந்தது. நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் ஏமாந்தது. எல்லோரும் அங்கே பாலம்போல் வளைந்திருந்த ஒரு பாறைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தக் குளத்தை விட்டு நகரவில்லை.

தண்ணீர் நிறத்தைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் ஸ்கூல் லேபில் மயில்துத்தம் கரைத்தால் முதலில் வருமே, அந்த வெளிர் நீலம். கரையெல்லாம் அடும்பங்கொடி, ஊதாப் பூ. அதற்குப் பின்னால் தாழை. தாழையின் தாங்குவேரை இருபத்திரண்டு வருஷம் போர்டில் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். எப்போதும் மூன்று கோடு போடுவேன். இங்கே ஒரு மரத்தில் எண்ணினேன், நாற்பத்தேழு இருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

வழியெல்லாம் பெரிய வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. இரவில் பூத்து விடிவதற்குள் கொட்டிவிடுமாம். அதன் லத்தீன் பேரை எழுதினால் நீங்கள் ஏதோ மாத்திரை என்று நினைப்பீர்கள்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்று சத்தம் போட்டுச் சிரித்தேன், சிப்பியிடம்.

மலர்


தில்லை நகர்
28.12.2025, ஞாயிறு

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிப்பி ஏமாந்ததை மட்டும் நாலு தடவை.

இன்று கடை லீவு. ஜூலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூடிவிடுகிறேன். உன்னிடம் சொல்ல வாய்ப்பு வரவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, மூடிவிட்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பழகவில்லை. முதல் மாதம் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து மருந்துகளை அடுக்கினேன்.

இன்று நீ தீவைச் சுற்றுகிறாயே, நாமும் ஒரு தீவுக்குப் போவோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். ஏகாதசிக் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. உன் வீட்டுப் பக்கம் போனேன். போயிருக்கக் கூடாது, தெரியும். கேட்டுக்கு உள்ளே தொட்டிச் செடிகள் வாடியிருந்தன. தெருக்குழாயில் பாட்டிலில் பிடித்துக் கம்பி வழியாக ஊற்றினேன். எதிர்வீட்டு அனுசுயா எட்டிப் பார்த்து, "யாருங்க அது? அவங்க ரெண்டு பேரும் அந்தமான் போயிருக்காங்களே" என்று கேட்டார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "கூரியருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றும் கூரியர்காரனை அவர்கள் இதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மலர், 'ரெண்டு பேரும்' என்று அவர்களிடம் யார் சொன்னது?

ரெங்கராஜ்


நீல் தீவு
29.12.2025

உங்களுக்கு,

நான்தான் சொன்னேன். கிளம்புவதற்கு முந்தின நாளே சொன்னேன். நாக்கு அதுவாகச் சொன்னது என்று எழுதினேனே, அதுவும் அரைப் பொய்தான்.

இது எனக்குப் புதிதா என்ன? இருபத்தொரு வருஷம் பழகிய நாக்கு. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே "சார் வரலியா?" என்பார்கள். "கடைல கூட்டம், பின்னாடி வராரு" என்பேன். கிரகப்பிரவேசத்தில் சொன்னேன். ஸ்கூல் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டபோது சொன்னேன். டாக்டரம்மா நமக்குக் குழந்தை இல்லை என்று முடிவாகச் சொன்ன அன்று, அந்த ரூம் வாசலில் நின்றுகொண்டு நர்ஸிடம் சொன்னேன். நீங்கள் வராத ஒவ்வொரு இடத்துக்கும் உங்களை நான்தான் அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இங்கே என்ன வித்தியாசம் என்றால், கஞ்சி கொடுத்தனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

அப்பா போன அன்றைக்கும் சொன்னேன். சாயங்காலம் நாலேகாலுக்கு உங்களுக்குப் போன் செய்தேன். "வரேன்" என்றீர்கள். வாசலில் ஷாமியானா போடுகிறவர் கேட்டார், அய்யர் கேட்டார், அப்பாவின் ஆபீஸ் ஆட்கள் கேட்டார்கள். எல்லோரிடமும் "இதோ வந்துட்டு இருக்காரு" என்றேன். பத்தே முக்காலுக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தீர்கள். சட்டைப் பையில் பேனாவோடு வந்தீர்கள். ஆறரை மணி நேரம் நான் அந்த வாசலில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை.

இங்கே வந்து நாலு நாளாக நீங்கள் நாலாம் நம்பரில் நல்ல கணவராகப் படுத்திருக்கிறீர்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இன்று இல்லை.

நாளை ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். உங்களை எப்படிப் படகில் ஏற்றுவது என்று வீரமலையைக் கேட்டேன். "சாரை விடியக்காலைப் படகுல அனுப்பிட்டேன்னு சொல்லிக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மலர்க்கொடி


தில்லை நகர்
30.12.2025

அன்புள்ள மலர்,

இன்று ஏகாதசி. ஊரே ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் அப்பா போன அன்றைக்குக் கடையில் ஆள் இல்லை, கூட்டம் என்று உன்னிடம் சொன்னேன். உன் வக்கீலிடமும் அதையே சொன்னேன். பொய். பூவரசன் இருந்தான், பதினெட்டு வருஷமாகக் கடையைத் தனியாகப் பார்க்கத் தெரிந்தவன். கூட்டமும் இல்லை. ஏழு மணிக்கு மேல் பத்துப் பேர்கூட வரவில்லை. "அண்ணே, நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவன் நாலு தடவை சொன்னான்.

எனக்குப் பயம் மலர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றால் எனக்கு எல்லாம் தெரியும். யார் வந்து அழுதாலும், எந்தச் சீட்டை நீட்டினாலும், என்ன செய்ய வேண்டும் என்று கை தானாகப் போகும். அந்தப் பக்கம் போய்விட்டால் கையை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியாது. உன் அப்பா அங்கே படுத்திருக்கிறார், நீ அழுகிறாய், நான் என்ன எடுத்துக் கொடுப்பது? இன்னும் ஒரு ஆள் வரட்டும், இன்னும் ஒரு சீட்டு முடியட்டும் என்று நின்றேன். டாக்டரம்மா சொன்ன அன்றும் இதேதான்.

இது காரணம் இல்லை. கேட்டால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். நான் பயந்துகொண்டு நின்ற நேரமெல்லாம் உன்னைத் தனியாக நிற்க வைத்தேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உன்னைப் பொய் சொல்ல வைத்தது நான் என்று ஒப்புக்கொள்வதற்காக எழுதுகிறேன்.

உன் தாழை மரத்துக்கு நாற்பத்தேழு வேர் என்று பூவரசனிடம் சொன்னேன். "அக்கா எண்ணியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ரெங்கராஜ்


ஹேவ்லாக் தீவு
31.12.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுச் சாயங்காலம்தான் படித்தேன். அதற்கு முன்னாலேயே உங்கள் குரலைக் கேட்டாகிவிட்டது. நேற்றுப் போனில் எல்லாம் குழப்பமாகச் சொல்லியிருப்பேன், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படகில் அலை ஜாஸ்தி. தைரியராஜ் சாருக்குத்தான் ஒரே வாந்தி. அவருக்காகக் கொண்டுவந்த மாத்திரை முழுதும் என் பையில் உங்களுக்காக இருந்தது. நான் படகின் முன்பக்கம் நின்று பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியவே தெரியாது. மீன்கள் ஒரு கை நீளம்கூட இல்லை, தண்ணீரை விட்டுக் கிளம்பி ஒரு தெரு தூரம் போய் விழுகின்றன. சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

மத்தியானம் மூன்று மணிக்குச் செல்வமேரி என் கதவைத் தட்டினார். "மலர், சாரைக் கொஞ்சம் எழுப்புங்க. இவருக்கு வேர்த்து ஊத்துது, பேச்சு கொளறுது. சார் மெடிக்கல் வச்சிருக்காருல்ல, ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். கட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்தீர்கள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் நான் பேசுகிறேன், "என்ன மலர்?" என்றுகூடக் கேட்கவில்லை. என் மூச்சைக் கேட்டதும் "யாருக்கு, என்ன பண்ணுது, சொல்லு" என்றீர்கள். "முழிச்சிருக்காரா? முழுங்க முடியுதா? மாத்திரை அட்டையைப் படி. காலைல சாப்பிட்டது நின்னுச்சா?" என்று கேட்டீர்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் உள்ளே இருக்கிறது, சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும், "நாலு ஸ்பூன் சக்கரை, தண்ணில கலந்து குடு, உடனே. வீரமலையை வண்டி எடுக்கச் சொல்லு" என்றீர்கள். அவர் குடித்தார். நாங்கள் அவரை ஜீப்பில் உட்கார வைத்து இந்தத் தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நீங்கள் போனை வைக்கவில்லை. நாற்பது நிமிஷம். பின்னால் யாரோ மாத்திரை கேட்டார்கள். "பக்கத்துக் கடைல வாங்கிக்குங்க" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. "மலர், நான் லைன்லயேதான் இருக்கேன்" என்று நாலைந்து தடவை சொன்னீர்கள். ஜீப்பில் நான் அழுதது தைரியராஜ் சாருக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்பா போன அன்று எனக்கு நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 'இருக்கேன்' என்ற அந்த ஒரு வார்த்தை போதும். அது உங்களுக்குத் தெரியாது என்று எனக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் தெளிந்துவிட்டார். டாக்டர், "சரியான நேரத்துல சக்கரை குடுத்திருக்கீங்க" என்றார். ஆஸ்பத்திரித் திண்ணையில் செல்வமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட், எட்டாம் தேதி, மாத்திரை, எல்லாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம்தான். அவருக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. கடைசியில், "அப்ப நாலு நாளா நான் குடுத்தனுப்பின கஞ்சியை யார் குடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"துவையலு?"

"அதுவும்தான்."

"உனக்குச் சாதம் சாப்பிட முடியாம இருந்திருக்கு, எனக்குத் தெரியல பாரு" என்று சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார்.

மலர்


தில்லை நகர்
1.1.2026

அன்புள்ள மலர்,

தைரியராஜ் சார் நேற்றே எனக்குப் போன் பேசினார். "நாலு நாளா படுத்துக்கிட்டிருந்த ஆளு ஒரே போன்ல என்னை எழுப்பிட்டீங்களே" என்றார். சிரித்தேன். அவருடைய மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஊருக்கு வந்ததும் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஞாபகப்படுத்து. மாத்திரையை வாங்கிப் பையில் வைத்ததை நினைத்து உன்னை நீயே தின்றுகொண்டிருக்காதே, அதில் பாதி எனக்கும் சேரும். அந்தத் தலைசுற்றலை எழுதிக் கொடுத்தது நான்தானே.

எட்டாம் தேதி பற்றி எழுத வேண்டும். இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

எனக்குக் கையெழுத்துப் போட விருப்பம் இல்லை. ஜூலையில் போட்டபோதும் இருக்கவில்லை. நீ கேட்டாய் என்று போட்டேன். நீ இப்போதும் கேட்டால் போடுவேன், உன்னை இழுத்தடிக்க மாட்டேன். நான் மாறிவிட்டேன் என்று எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தன் எவ்வளவு மாறுவான்? துக்க வீட்டில் கையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தெரியாமலே வந்து நிற்கலாம் என்று முந்தாநாள் தெரிந்துகொண்டேன். அன்றும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பூவரசனைக் கேட்டுப் பார்.

புது வருஷ வாழ்த்து. கடல் எப்படி இருக்கிறது?

ரெங்கராஜ்


போர்ட் பிளேர்
2.1.2026

அன்புள்ள உங்களுக்கு,

கடலைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை எழுதினால் அப்புறம் கை ஓடாது.

நேற்று அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சின்னப் படகில் போனோம். இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கின்றன, மேலே கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். யாரும் பேசவில்லை. தைரியராஜ் சார்கூடப் பேசவில்லை. சேற்றிலிருந்து சுவாச வேர்கள் பென்சில் பென்சிலாக மேலே வந்து நிற்பதைப் பார்த்தேன். ஒரு கிளையில் விதை மரத்திலேயே முளைத்து, ஒரு முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க். பிள்ளைகள் எழுதுவார்கள், நான் திருத்துவேன், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்கு உரக்கச் சொல்லிக் காட்டியிருப்பேன். இல்லாததால் மனசுக்குள் சொன்னேன். இந்த ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் பார்க்கிறேன். அது எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

எட்டாம் தேதி ஜட்ஜ் என்னைக் கேட்டால், எனக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்று சொல்லப்போகிறேன். வக்கீலுக்கும் எழுதிவிட்டேன். திரும்பி வருகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அவசரப்பட்டு வீட்டைப் பெருக்கி வைக்காதீர்கள். தில்லை நகர் வீட்டு மாடிப்படியை ஏற எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். நான் சொன்ன பொய் போதும்.

அன்று நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பத்தரைக்கு நம் பேரைக் கூப்பிடுவார்கள். நான் பத்து மணிக்கு வருவேன். நான் உள்ளே நுழையும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். யாராவது என்னிடம் "சார் எங்கே?" என்று கேட்டால், நான் கையைக் காட்டுவதற்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

நாளை பிளேன். சனிக்கிழமை இரவு திருச்சி.

மலர்


குடும்ப நல கோர்ட் வாசல், திருச்சி
8.1.2026, காலை 8.10

அன்புள்ள மலர்,

கேட் இன்னும் திறக்கவில்லை. வாட்ச்மேன், "கேஸு பத்தரைக்குத்தான சார், இப்பவே எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். முன்னாலேயே வரச் சொன்னார்கள் என்றேன். "யாரு, வக்கீலா?" என்றார். இல்லை, வீட்டில் என்றேன். கோர்ட் வாசலில் நின்றுகொண்டு இப்படிச் சொல்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது, நாற்காலி எடுத்துப் போட்டார்.

கடையைப் பூவரசன் பார்த்துக்கொள்கிறான். வெயில் இன்னும் ஏறவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை, நான் கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ ஆட்டோவில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் இங்கிருந்து தெரியும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதை எழுதுகிறேன்.

நான் வந்துவிட்டேன். நீ மெதுவாக வா.

ரெங்கராஜ்